காணிக்காரனையே கள்ளன் என்கிறோம்

அவுஸ்திரேலியாவில் எங்கள் ஈழத்தமிழ்ச் சனம் கூடுகிற இடங்களில், இந்த நாட்டின் பூர்வகுடிகளான அபொரிஜினல் மக்களைப் பற்றி ஒரு கதை தவறாமல் வரும். பிறந்தநாளோ, சாமத்தியவீடோ, புதுவீடு குடிபுகுதலோ, சாப்பாடு முடிந்து ஆண்கள் கராஜ் பக்கமாகக் கதிரையைப் போட்டு இருக்கும்போது, டார்வினிலோ அலிஸ் ஸ்பிரிங்ஸிலோ கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு மெல்பேர்னுக்கு வந்த யாராவது ஒருவர் தொடங்குவார். "உங்களுக்குத் தெரியாது தம்பி, அங்க போய்ப் பார்த்தால்தான் தெரியும். முழுக் குடி. வேலைவெட்டிக்குப் போறதில்லை. கவுண்மெந்து எல்லாத்தையும் சும்மா குடுக்குது." சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் ஓர் அபொரிஜினல் மனிதரோடு பத்து நிமிடம் இருந்து கதைத்தவர்கள் அல்ல, ஆனாலும் தீர்ப்பு மட்டும் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது.

வெள்ளைக்காரருடைய இனவாதத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அபொரிஜினல் எழுத்தாளர்களே அதை மற்ற எல்லோரையும் விட நன்றாக எழுதுகிறார்கள். நான் எழுத நினைப்பது எங்களைப் பற்றி. இந்த நாட்டுக்கு வந்து இருபது முப்பது வருடத்துக்குள், வீட்டுக்கடன், கார், பிள்ளைகளின் டியூஷன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்ததோடு, இங்கே ஏற்கெனவே கிடந்த பழைய வெறுப்பையும் எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். அதுதான் என் ஆத்திரம்.

குடியிலிருந்தே வருகிறேன், எல்லோரும் அதிலிருந்துதானே தொடங்குகிறார்கள்.

நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மெல்பேர்ன் கப் குதிரைப் பந்தயம். அன்று பின்னேரம் பிளெமிங்டன் பக்கம் போன யாருக்கும் தெரியும்: கோட் சூட் போட்ட பெடியள் புல்லில் விழுந்து கிடப்பார்கள், குதிச்செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பெண்கள் தள்ளாடுவார்கள், திரும்பி வரும் ரயில் பெட்டியில் வாந்தி நாறும். அடுத்த நாள் பத்திரிகையில் படம் வரும், ஊர் பார்த்துச் சிரிக்கும், அதோடு சரி. அதே அளவு குடித்துவிட்டு ஓர் அபொரிஜினல் மனிதர் பூங்கா வாங்கில் படுத்திருந்தால் அது அந்த இனத்தின் குணமாகிவிடுகிறது. கராஜில் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவரின் கையிலும் கிளாஸ் இருக்கிறது. இந்த நாட்டு அரசின் சுகாதாரக் கணக்கெடுப்புகளில் குடியைத் தொடவே தொடாதவர்களின் விகிதம் அபொரிஜினல் மக்களிடம்தான் மற்றவர்களை விடக் கூடுதலாக வந்திருக்கிறது. குடிக்கிறவர்களில் ஆபத்தான அளவுக்குக் குடிப்பவர்கள் அதிகம் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதல் பாதியை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

2017 டிசம்பர் 5. டான்யா டே என்ற 55 வயதுப் பெண், யோர்ட்டா யோர்ட்டா என்ற அபொரிஜினல் மக்களைச் சேர்ந்தவர், எச்சூகாவிலிருந்து மெல்பேர்ன் வரும் ரயிலில் நித்திரையாகிவிட்டார். குடித்திருந்தார், உண்மை. யாருக்கும் அவரால் இடைஞ்சல் இல்லை. ரயில் கண்டக்டர் பொலிஸைக் கூப்பிட்டார். காசில்மெய்ன் நிலையத்தில் இறக்கி, பொது இடத்தில் போதையில் இருந்த குற்றத்துக்காகக் கைது செய்து, தெளியும்வரை இருக்கட்டும் என்று கூண்டில் விட்டார்கள். உள்ளே திரும்பத் திரும்ப விழுந்தார். ஒருதடவை சுவரில் தலை மோதி மூளைக்குள் இரத்தம் கசிந்தது. கவனிக்கவேண்டியவர்கள் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. டிசம்பர் 22 அன்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் அபொரிஜினல் என்பது அந்தக் கண்டக்டரின் முடிவைப் பாதித்தது, இந்தச் சாவைத் தடுத்திருக்கலாம் என்று 2020-இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார்.

ரயிலில் நித்திரை கொள்ளாத ஆள் எங்களில் யார்? இரவு வேலை முடித்துவிட்டு வரும்போது கண்ணயர்ந்து கடைசி ஸ்டேஷன் வரை போனவர்களை எனக்கு எத்தனையோ பேரைத் தெரியும். தோளில் தட்டி எழுப்புவார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

இதில் நெஞ்சை அடைக்கிற விஷயம் இன்னொன்று இருக்கிறது. டான்யாவின் மாமா ஒருவரும், ஹாரிசன் டே, 1982-இல் பொலிஸ் காவலில் இருந்தபோது இறந்தவர். காவலில் நடந்த அபொரிஜினல் மரணங்களை ஆராய 1987-இல் அமைத்த அரச ஆணைக்குழு எடுத்துக்கொண்ட 99 சாவுகளில் அதுவும் ஒன்று. 1991-இல் அந்த ஆணைக்குழு 339 பரிந்துரைகளைக் கொடுத்தது. பொது இடத்தில் போதையில் இருப்பதைக் குற்றமாக வைத்திருக்காதீர்கள் என்பது அவற்றில் ஒன்று. விக்டோரியா மாநிலம் அதைச் செய்து முடித்தது 2023 நவம்பர் 7-இல், அதுவும் அந்த வருடத்து மெல்பேர்ன் கப் அன்று. மாமா இறந்து, அறிக்கை வந்து, மருமகளும் இறந்து, அவருடைய பிள்ளைகள் தெருவில் நின்று போராடி, அதன் பிறகு. இந்த மாநிலத்தில்தான் நாங்கள் வரி கட்டி வாழ்கிறோம், எங்கள் கராஜ்களில் இந்தக் கதை ஒருநாளும் வருவதில்லை.

அடுத்தது களவு.

கொஞ்சக் காலத்துக்கு முன் ஷெப்பர்ட்டன் பக்கம் ஓர் ஊரில் சுப்பர்மார்க்கெட் ஒன்றுக்குள் போயிருந்தேன். அந்தப் பக்கம் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் சொந்த நிலம், அவர்கள் கணிசமாக வாழ்கிற இடமும்கூட. காசு கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அபொரிஜினல் அம்மா, அறுபது அறுபத்தைந்து வயது இருக்கும், கூடவே பேரன், ஏழெட்டு வயதுப் பையன். வரிசையில் நிற்கிற நேரம் முழுக்க அவர் அந்தப் பிள்ளைக்குத் தாழ்ந்த குரலில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: கையைப் பொக்கெட்டுக்குள் விடாதே, வெளியே வைத்திரு. பையன் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு, பக்கத்தில் அடுக்கியிருந்த சொக்லேட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றான். காசு கட்டியதும் அம்மா ரசீதை மடித்து வைக்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற காவலாளி வாயைத் திறக்க முன்னமே பையை விரித்துக் காட்டினார். அவன் பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகக் கிளறினான், ரசீதை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தான். அவர்களுக்குப் பின்னால் நான், முதுகில் பெரிய பை, ஓர் ஆட்டுக்குட்டியையே உள்ளே வைத்துக்கொண்டு போகலாம். என்னைப் பார்த்துத் தலையசைத்து வழிவிட்டான். "என்னுடைய பையையும் பாருங்கள்" என்றேன். வேண்டாம் ஐயா, நீங்கள் போகலாம் என்றான். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. அவனும் எங்கள் பக்கத்து ஆள், தெற்காசியாக்காரன், என்னை விட ஒரு பிடி கறுப்பு.

அந்த அம்மா ரசீதைப் பிடித்திருந்த விதம் எனக்கு நன்றாகத் தெரியும். கொழும்பில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வேலைக்குப் போன எந்தத் தமிழருக்கும் தெரியும். அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் வைக்கக்கூடாது, கையில் வைத்திருக்கவேண்டும். கேட்க முன்னம் நீட்டவேண்டும். பஸ்ஸில் தமிழில் சத்தமாகக் கதைக்கக்கூடாது என்று பிள்ளைக்கு முதலே சொல்லி வைக்கவேண்டும். எங்கள் அம்மாமார் எங்களுக்குச் சொல்லித் தந்ததைத்தான் அந்த அம்மா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாடத்தைப் படித்த சனம் நாங்கள். எங்களுக்கு அதைப் பார்த்ததும் விளங்கவேண்டாமா?

கள்ளர் என்ற பேச்சுக்கு வருகிறேன். நோர்தர்ன் டெரிட்டரியில் 1997 முதல் 2001 வரை சொத்துக் குற்றங்களுக்குக் கட்டாயச் சிறை என்று ஒரு சட்டம் இருந்தது. அதன்படி ஓர் அபொரிஜினல் இளைஞனுக்கு, 23 டொலர் பெறுமதியான பிஸ்கட்டும் கோர்டியலும் எடுத்ததற்காக, ஒரு வருடச் சிறை கிடைத்தது. பேனா, பெயின்ட் போன்ற சின்னச் சாமான்களை எடுத்ததற்காக 28 நாள் அடைக்கப்பட்ட 15 வயதுப் பையன் 2000-ஆம் ஆண்டில் தடுப்பில் இருந்தபோதே உயிரை விட்டான். இதே நாட்டில், 1788-இல் முதல் கப்பல்களில் கைதியாக வந்த முப்பாட்டன் லண்டனில் ஒரு துண்டுத் துணி களவெடுத்தவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற குடும்பங்கள் எத்தனையோ. அந்த வம்சாவளியைக் காட்டிச் சேருகிற சங்கங்கள்கூட இருக்கின்றன. பாவம், பசிக்கு எடுத்திருப்பான், அந்தக் காலத்துச் சட்டம் அப்படி மோசம் என்று அந்தக் கைதிக்காக எல்லோரும் இரங்குகிறார்கள். நானும் இரங்குகிறேன். அந்த இரக்கத்தில் கொஞ்சம் பிஸ்கட் எடுத்தவனுக்கும் கிடைத்திருக்கலாம்.

அப்புறம் நிலம். இது ஆளில்லாத பூமி, யாருக்கும் சொந்தமில்லை என்ற பொய்யின் மேல்தான் ஒரு கண்டத்தையே எடுத்தார்கள். 1992 ஜூன் 3-ஆம் திகதி டொரஸ் நீரிணைத் தீவுக்காரர் எடி மாபோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அந்தப் பொய் சட்டத்தில் செல்லுபடியாக இருந்தது. மாபோ அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை, அதே ஜனவரியில் இறந்துவிட்டார். காணியின் அருமை எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீட்டின் உறுதியை இன்னும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மெல்பேர்னில் வாழ்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்தான் ஒருநாள் என்னிடம் "இவங்களுக்கு இந்தக் காணியெல்லாம் குடுத்து என்ன செய்யப்போறாங்கள்" என்று கேட்டார். "உங்கட வீட்டுக்குள்ள இருக்கிற ஆமிக்காரனும் அதைத்தானே மாமா சொல்லுறான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் வேறு கதைக்குப் போய்விட்டார்.

"சும்மா கொடுக்கிறார்கள்" என்பதையும் பார்ப்போம். வேலையில்லாதவருக்கான உதவித்தொகை எல்லோருக்கும் ஒரே அளவுதான், இனத்தைப் பார்த்துக் கூட்டிக் கொடுப்பதில்லை. மாணவர்களுக்கு அப்ஸ்டடி என்று 1969 முதல் ஓர் உதவி இருக்கிறது, அதற்கும் வருமானம் பார்க்கிறார்கள். இலவச வீடு, இலவசக் கார் என்று சொல்வதெல்லாம் யாரோ யாருக்கோ சொன்ன கதை. மறுபக்கத்தில் குயின்ஸ்லாந்தில், பாதுகாப்புச் சட்டங்கள் என்ற பெயரில், பண்ணைகளிலும் வீடுகளிலும் உழைத்த அபொரிஜினல் மக்களின் சம்பளத்தை அரசாங்கமே பல பத்தாண்டுகளாக வாங்கி வைத்துக்கொண்டது. உழைத்த காசைக் கேட்டு அதிகாரியின் முன்னால் நிற்கவேண்டிய நிலை. 2019-இல்தான் 190 மில்லியன் டொலர் கொடுத்து அந்த வழக்கை முடித்தார்கள், அதற்குள் உழைத்தவர்களில் மிகப் பலர் செத்துப்போனார்கள். 2007-இல் நோர்தர்ன் டெரிட்டரிக்கு இராணுவத்தை அனுப்பி, 1975-ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அங்கே நிறுத்தி வைத்து, அபொரிஜினல் சமூகங்களில் வாழ்ந்தவர்களின் உதவித்தொகையில் பாதியை எதற்குச் செலவழிக்கலாம் என்று அரசு தீர்மானித்தது. தன் காசில் என்ன வாங்கலாம் என்று இன்னொருவன் சொல்வதை எங்களில் யார் ஒருநாள் பொறுப்போம்?

முதல் வீடு வாங்குகிறவருக்கு அரசு தருகிற மானியத்தை வேண்டாம் என்று சொன்ன தமிழ் வீடு ஒன்றை எனக்குக் காட்டுங்கள். இரண்டாவது வீட்டின் நட்டத்தை வரியில் கழிப்பவர்கள் எங்களில் எத்தனை பேர். பிள்ளைப் பராமரிப்பு உதவி, அகதிகளாக வந்தபோது கிடைத்த உதவி, எல்லாம் வாங்கினோம், வாங்கியதில் பிழை ஏதும் இல்லை, அதற்காகத்தான் அவை இருக்கின்றன. நாங்கள் வாங்கினால் உரிமை, அவர்கள் வாங்கினால் பிச்சை என்றால் அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நோயிலும் இப்படித்தான். 2014 ஆகஸ்டில் மேற்கு அவுஸ்திரேலியாவின் சவுத் ஹெட்லண்டில் யமாட்ஜி என்ற அபொரிஜினல் மக்களைச் சேர்ந்த 22 வயதுப் பெண் ஒருவர், குடும்பத்தின் விருப்பப்படி மிஸ் டூ என்றே அவரைக் குறிப்பிடுகிறார்கள், கட்டாத அபராதம் 3,622 டொலருக்காகக் கூண்டில் அடைக்கப்பட்டார். பொலிஸ் அங்கே போனதே அவருடைய துணைவரின் வன்முறையைப் பற்றிய புகாருக்காக. வலிக்கிறது, வலிக்கிறது என்று அழுதார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நடிக்கிறாள் என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் முறை கொண்டுபோனபோது இறந்துபோனார். முறிந்த விலா எலும்பிலிருந்து பரவிய கிருமி இரத்தம் முழுக்கக் கலந்திருந்தது. அந்தப் பொலிஸாரின் நடத்தை மனிதத்தன்மையற்றது என்று மரண விசாரணையில் சொன்னார்கள். எங்கள் சமூகத்தில் டாக்டர்களும் நர்ஸ்களும் ஏராளம், கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் முதல் வேலை பார்த்தவர்கள் பலர். அவர்கள் இதை வாசித்தால் நல்லது. வலி என்று சொல்கிற ஒருத்தியை நம்புவதா இல்லையா என்பதை அந்த இரவு வேலையில் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

டாக்சி ஓட்டுகிற எங்கள் அண்ணாமாரும்தான். ஜாக் சார்ல்ஸ் என்ற பெரிய அபொரிஜினல் நாடகக் கலைஞர், மெல்பேர்னில் எல்லோருக்கும் தெரிந்த முகமாக இருந்தவர். 2015-இல் விக்டோரியாவின் சிறந்த மூத்த குடிமகன் என்று அவரைக் கௌரவித்த கையோடேயே ஒரு டாக்சிக்காரர் முதலில் காசை வை, பிறகுதான் ஓடுவேன் என்றார். இதை எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாவிடம் சொன்னேன், நல்ல மனுசன், பதினைந்து வருடத்துக்கு மேலாக டாக்சி ஓட்டுகிறார். "நானும் அப்படித்தான் கேப்பன், காசு தராமல் இறங்கி ஓடினால் ஆர் பொறுப்பு?" என்றார். இதுவரை காசு தராமல் ஓடியவர்கள் யார் அண்ணா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை இரவு கிளப்பிலிருந்து வருகிற வெள்ளைக்காரப் பெடியள்தான் அநேகம் என்றார். அவர்களிடம் முதலில் காசு கேட்பீர்களா? இல்லை. சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆளைக் குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை. அனுபவம் ஒன்றைச் சொல்லும்போதும் பயம் இன்னொன்றைச் செய்ய வைக்கிறது. அந்தப் பயம் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்கூட இல்லை, வந்த இடத்தில் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

"அலிஸ் ஸ்பிரிங்ஸில் நடக்கிற குற்றங்கள் பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. அதில் ஆகக்கூடுதலாக அடிபடுவது அபொரிஜினல் பெண்கள்தான், அதை நிறுத்தச் சொல்லி முன்னுக்கு நின்று கத்துகிறவர்களும் அவர்கள்தான். நான் கேட்பது வேறு. எங்கள் ஆள் ஒருவர் சீட்டுக்காசை எடுத்துக்கொண்டு ஓடினால், மனைவியை அடித்துப் பொலிஸுக்குப் போனால், உடனே என்ன சொல்கிறோம்? தனி ஒருவன் செய்ததற்கு ஏன் முழுச் சமூகத்தையும் இழுக்கிறீர்கள் என்கிறோம். 2009-இல் மெல்பேர்னில் இந்திய மாணவர்களை அடித்தபோது, இது சும்மா வழிப்பறி என்று அதிகாரிகள் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை, இனவாதம் என்று ஊர்வலம் போனோம். நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லாத ஒரு மக்கள்தொகை, சிறைக்குள் மூன்றில் ஒரு பங்காக இருப்பதைக் கேட்டால் மட்டும் "ஏதோ செய்திருப்பாங்கள்" என்று முடித்துவிடுகிறோம்.

ஜெயித்தால் மட்டும் கதை மாறும். 1994 கொமன்வெல்த் போட்டியில் கதி ஃபிரீமன் அபொரிஜினல் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதற்கு அணித் தலைமையே கண்டித்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீற்றரில் தங்கம் எடுத்ததும் நாட்டின் செல்லப்பிள்ளை. அவுஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடிய அபொரிஜினல் வீரர் அடம் கூட்ஸ் 2014-இல் நாட்டின் சிறந்த குடிமகன் விருது பெற்றவர். இனவாதத்தைப் பற்றி வாய் திறந்ததால், அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் மைதானம் மைதானமாக ஊளையிட்டார்கள். 2015-இல் கோல் அடித்துவிட்டுத் தன் மக்களின் போர் நடனத்தில் ஓரிரு அடி வைத்து ஈட்டி எறிகிற மாதிரிக் கையை வீசினார், இரசிகர்களைப் பயமுறுத்துகிறார் என்று பெரிய கூச்சல். நியூசிலாந்து ரக்பி அணி ஹக்கா என்ற மாவோரிப் போர் நடனம் ஆடும்போது இதே சனம் எழுந்து நின்று கைதட்டுகிறது. கூட்ஸ் அந்த வருடத்தோடு ஆட்டத்தை விட்டே போனார். லீக் மன்னிப்புக் கேட்டது 2019-இல்.

இனி, எனக்கு எல்லாவற்றையும் விடக் கசக்கிற இரண்டு விஷயங்கள்.

ஒன்று, "அது எப்பவோ நடந்தது, மறந்துவிட்டு முன்னேறவேண்டியதுதானே" என்ற பேச்சு. ஏப்ரல் 25 அன்சாக் தினத்தில் விடிய முன் எழும்பி, 1915-இல் முதல் உலகப் போரில் கலிப்போலியில் விழுந்தவர்களை மறக்கமாட்டோம் என்று இந்த நாடு தலைகுனிந்து நிற்கும். நிற்கவேண்டியதுதான். 1928-இல் நோர்தர்ன் டெரிட்டரியின் கொனிஸ்டனில் பொலிஸ்காரன் ஒருவனின் தலைமையில் போன கூட்டம் வார்ல்பிரி என்ற அபொரிஜினல் மக்களைச் சுட்டுக் கொன்றது. அரசாங்கக் கணக்கே 31 பேர் என்கிறது, அந்த மக்கள் அதைவிட அதிகம் என்கிறார்கள். விசாரணையில் எல்லாம் நியாயம் என்று முடித்தார்கள். கலிப்போலிக்குப் பிறகு நடந்தது அது. 1915-ஐ மறக்காதே, 1928-ஐ மற. 2025-இல் மெல்பேர்ன் நினைவிடத்து அன்சாக் விடியல் நிகழ்வில் அபொரிஜினல் மூத்தவர் ஒருவர் வரவேற்புச் சொன்னபோது கூட்டத்திலிருந்து சிலர் கூவினார்கள். அந்தப் போர்களில் அபொரிஜினல் ஆட்களும் போய்ச் சண்டை பிடித்துச் செத்திருக்கிறார்கள்.

நாங்கள் மே 18-இல் விளக்கேற்றுகிறோம். 1981-இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி, அப்போது பிறக்காத பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். முடிந்ததை ஏன் கிளறுகிறீர்கள், அபிவிருத்தியைப் பாருங்கள், றோட்டுப் போட்டாச்சுதானே என்று தென்னிலங்கையிலிருந்து யாராவது சொன்னால் எங்களுக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும்! அதே வாயால் அதே வசனத்தை எப்படிச் சொல்ல முடிகிறது?

இரண்டாவது, 2023 அக்டோபர் 14 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பு. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அபொரிஜினல், டொரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கு ஒரு சபை, அரசியலமைப்பில் ஒரு வரி, அவ்வளவுதான் கேட்டார்கள். சட்டம் போடும் அதிகாரம் இல்லை, தடுக்கும் அதிகாரமும் இல்லை. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றன. எங்கள் ஆட்கள் எல்லோரும் எப்படிப் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அந்த வாரங்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது ஞாபகம் இருக்கிறது. "எல்லாரும் சமம்தானே, ஏன் ஒரு இனத்துக்கு மட்டும் தனியா?" "நாட்டைப் பிரிக்கிற வேலை இது." இந்த வசனங்களை நாங்கள் பிறந்ததிலிருந்து சிங்களத்தில் கேட்டிருக்கிறோம். சமஷ்டி கேட்டபோது கேட்டோம், மாகாண சபைக்கு அதிகாரம் கேட்டபோது கேட்டோம், ஒரே நாடு ஒரே சட்டம் என்று சமீபத்திலும் கேட்டோம். பெரும்பான்மை தன் பக்கம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு சமத்துவம் பேசும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் எங்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? எழுபது வருடமாக அதை எதிர்த்து வாதாடியவர்கள் அந்த வாதத்தையே எடுத்து இங்கே இன்னொருவர் மேல் வீசுவதைப் பார்த்தபோது எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

1901-இல் போட்ட வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை 1973-இல் முற்றாக நீங்கியிராவிட்டால் எங்களில் எவரும் விமானம் ஏறியிருக்கமாட்டோம். அந்தக் கதவு இனம் பார்த்துத்தான் மூடியிருந்தது. அதை மூடி வைத்திருந்த ஆட்கள் சொன்ன கதைகளை நம்பிக்கொண்டா உள்ளே வந்து இருப்பது?

கடைசியாக எங்கள் வீட்டு விஷயம் ஒன்று. ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் வருடா வருடம் ஜனவரி 26-இல் துடுப்பாட்டப் போட்டியும் சாப்பாடும் வைக்கிறது. 1788-இல் சிட்னியில் கொடி நாட்டிய நாள் அது. 1938-இலேயே அபொரிஜினல் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாள் என்று அறிவித்துவிட்டார்கள். குடியுரிமை விழாவைக்கூட வேறு நாளில் வைக்கலாம் என்று 2022 டிசம்பரில் அரசே மாநகர சபைகளுக்கு வழிவிட்டது. நாளை மாற்றுவோம் என்று சங்கத்துக்கு எழுதினேன். எல்லோருக்கும் லீவு நாள் அதுதான், மைதானமும் லேசாகக் கிடைக்கும், அரசியலை உள்ளே கொண்டுவரவேண்டாம் என்று பதில் வந்தது. செயற்குழுவில் இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு, நீ சொல்வது சரிதான், கூட்டத்தில் நாங்களும் பேசுகிறோம் என்றார்கள். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மைதானம் தரமுடியுமா என்று மாநகர சபைக்கு எழுதிக் கேட்டுவிட்டேன், தரலாமாம், வாடகையும் அதேதான். வருடாந்தப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம். நாள் மாற்றும் பிரேரணையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், வழிமொழிய ஆள் இருக்கிறது. சந்தா கட்டியவர்களுக்குத்தான் வாக்கு, அதனால் நிலுவை உள்ளவர்கள் அதற்கு முதல் கட்டிவிட்டு வாருங்கள்.